கோணல் அம்பு

என் தங்கை மார்லிஸின் கணவன் டுவேன் காலையிலேயே போன் செய்தான். "மச்சான், அடிச்சுட்டேன்! கொம்பப் பாத்தா மயங்கி விழுந்துருவ. நேரா நெஞ்சுல!"

விஸ்கான்சினில் நவம்பர் என்றால் கலைமான்கள் பெண்மான் தேடி பகலிலும் திரியும். அவன் வில்லோடு உட்கார்ந்திருந்த வேட்டைப் பரணை நான்தான் என் நிலத்து ஓக் மரத்தில் கட்டியிருந்தேன். போய்ப் பார்த்தேன். மானைத் துளைத்துப் போன அம்பு சோளத்தட்டைக்கு நடுவே கிடந்தது. எடுத்து மோந்தேன். பச்சையாகச் சளி, சாண நாற்றம்.

"டுவேன், இது வயிறு."

"சும்மா இரு. முன்னங்காலுக்குப் பின்னாலதான் குறி வச்சேன். நீதான சொல்லிக் குடுத்த?"

"மான் எப்படி நின்னுச்சு?"

"என்னைப் பாத்து. கொஞ்சம் கோணலா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கவாட்டில் நிற்கும் மானுக்குத்தான் அந்தக் குறி. அம்பு இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் போகும். நம்மைப் பார்த்துக் கோணலாக நிற்கும் மானை அதே இடத்தில் அடித்தால் அம்பு பின்னால் சரிந்து குடலுக்குள் போய்விடும். அது திரும்பும்வரை வில்லை இறக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும். திரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும். இதை அவனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"அது திரும்பறதுக்குள்ள ஓடிட்டா? அவ்வளவு பெரிய கொம்பு!"

"ஓடட்டுமே! முழுசா ஓடிருக்கும்ல!"

வயிற்றில் அடிபட்ட மானை உடனே துரத்தக் கூடாது. விட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். நான் வண்டியிலிருந்து கயிறு எடுத்து வருவதற்குள் டுவேன் புதருக்குள் நுழைந்து அதைக் கிளப்பிவிட்டான். அது வேலியைத் தாண்டி, பக்கத்துப் பண்ணை ஆர்லிஸ் டாலெஃப்சன் அம்மாவின் சதுப்புக்குள் போய்விட்டது. அந்த அம்மா தன் நிலத்தில் வேட்டைக்காரன் நிழலைக்கூட விடமாட்டார்.

டுவேன் கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டான். "போனது போச்சு. ஒரு மானுக்கு ஒரு வேட்டைச் சீட்டு, என்னோடது இன்னும் மிச்சமிருக்கு. வேற அடிச்சுக்கலாம்."

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "அது அங்க குடல் அழுகிச் சாகணும், நீ இங்க அடுத்ததுக்குக் குறி வைக்கணும். அப்படித்தானே?"

அவனை இழுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். மாட்டுத் தொழுவத்திலிருந்து பால் வாளியோடு வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எந்தத் தறுதலை அடிச்சான்?"

டுவேன் ஷூவைப் பார்த்தான்.

"வாய் தொறக்க மாட்டானா? சரி ஆரின், நீ வா. அவன் வேலிக்கு அந்தப் பக்கமே நிக்கட்டும்."

பொழுது நன்றாகச் சாயும்வரை காத்திருந்துவிட்டு நானும் அந்த அம்மாவும் நாணலுக்குள் இறங்கினோம். மான் உயிரோடுதான் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, பின்னங்கால் வரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிச் சாய்வாகக் கிடந்ததால் கடைசி விலா ஓரத்தில், எதிர்ப்பக்க முன்னங்காலை மனதில் வைத்து என் வில்லிலிருந்து அம்பை விட்டேன். தலை சேற்றில் சாய்ந்தது.

"காலைல இருந்தா?" என்றார் அந்த அம்மா. கயிற்றின் ஒரு நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தார்.

நான் கொன்றதால் மானின் கொம்பில் என் வேட்டைச் சீட்டையே கட்டினேன். கெட்டுப்போகாத கறியை அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். வேலியோரம் நின்ற டுவேன், "கொம்பையாவது குடு மச்சான், என் அம்பு முதல்ல பட்டது" என்றான்.

"பட்டது எங்கன்னு சொல்லு, தரேன்."

அவன் கோபத்தில் வண்டிச் சக்கரத்தை உதைத்துவிட்டுக் கிளம்பினான். மறுநாளே பரணைப் பிரித்தேன்.

மாதக் கடைசியில் வரும் நன்றி நாள் பண்டிகை விருந்துக்கு மார்லிஸ் கட்டாயப்படுத்தி அழைத்ததால் போனேன். வான்கோழியை வெட்டிக்கொண்டே டுவேன் தன் மாமாவிடம் ஆரம்பித்தான்: "நுரையீரல்ல சரியா இறங்குச்சு மாமா. நம்ம மச்சான்தான் மானை அமுக்கிட்டாரு."

நான் எழுந்தேன். அதற்குள் மார்லிஸ் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை மேசையில் டொம்மென்று வைத்தாள்.

"வயித்துல அடிச்சேன்னு சொல்லு டுவேன். நாள் பூரா அது துடிச்சுக் கெடந்துச்சுன்னு சொல்லு. ஆர்லிஸம்மா என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். முகம் சிவந்தது. "வயித்துலதான்" என்றான் மெதுவாக.

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆனால் கோபம் இறங்கவில்லை. இன்றைக்கும் இல்லை.