மாப்பிள்ளை மாட்டிய ஸ்டீரியோ

ஆவுடைநாயகத்தின் ஃபியட் காரில் பாட்டு போட்டால் கூடவே ஒரு விசிலும் சேர்ந்து பாடும். வண்டி நிற்கும்போது அதன் சத்தமே இருக்காது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் சன்னமாகக் கிளம்பி, வேகம் கூடக் கூட ஏறி, ஈரடுக்கு மேம்பாலத்தில் போகும்போது காதுக்குள் ஊசியை விட்டுக் குடைகிற மாதிரி ஆகிவிடும். டவுண் வடக்கு ரத வீதியில் வீட்டை விட்டுக் கிளம்பி ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு மண்டை விண்விண்ணென்று தெறிக்கும். இறங்கும்போது முகத்தைச் சரிசெய்துகொண்டு, "ரொம்ப அருமையா இருக்கு மாப்ளே" என்பார்.

வேறென்ன சொல்ல முடியும்? மாட்டியது மாப்பிள்ளை அல்லவா. சைவப் பிள்ளைமார் வீட்டில் மாப்பிள்ளையிடம் குறை சொன்னவர்கள் யாரும் உண்டா? தாலுகா ஆபீசில் சிரஸ்தாராக இருந்து, தாசில்தாரையே மூக்கில் விரலை வைக்கும்படி மடக்கிப் பேசிய மனிதர் ஆவுடைநாயகம். வீட்டுக்குள் மாப்பிள்ளை எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பார். அவர் மனைவி சொர்ணாம்பாள் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவதே கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "காப்பி வேணுமான்னு கேளு" என்று மகள் விஜயஸ்ரீயிடம் சொல்லுவாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷனிடம் அதைத் திருப்பிச் சொல்லுவாள். அவன் சொல்லும் பதிலும் அதே வழியாகத் திரும்பிப் போகும். மூன்று பேர் காதிலும் எல்லாம் முதலிலேயே விழுந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளை குமரகுருபரனுக்குச் சொந்த ஊர் ஏரல். கல்யாணம் முடிந்த கையோடு குவைத்துக்குப் போய், கார் ஸ்டீரியோ விற்கும் கடையில் வேலை பார்த்தான். எந்தக் காருக்கு எந்தப் பெட்டி, எந்த ஸ்பீக்கர் பொருந்தும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் மாட்டுவதற்கு வேறு ஆட்கள் உண்டு. அந்த வேலையை இவன் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. பிறகு யுத்தம் வந்தது. கடைக்கு எதிர்க் கட்டடத்தில் குண்டு விழுந்தது. பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, சர்க்கார் அனுப்பிய விமானத்தில் ஏறி, கட்டின துணியோடு வந்து சேர்ந்தான். கொஞ்ச நாள் காதுக்குள் வண்டு பறக்கிற மாதிரி இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது என்று ஒரு தடவை சொன்னான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

ஏரலில் அண்ணன்மார் குடும்பத்தோடு வீடு நிறைந்து கிடந்ததால், விஜயஸ்ரீ இருந்த டவுண் வீட்டிலேயே அவனும் தங்கும்படி ஆயிற்று. வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அவன் மனசு எங்கே கோணிவிடுமோ என்று பயந்து, வழக்கத்தை விட ஒரு மடங்கு கூடவே மரியாதை செய்தார்கள். அவன் சாப்பிட உட்கார்ந்தால் வீடே பந்தி பரிமாறியது. ஆண்பிள்ளை இப்படி எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது? தெரிந்த தொழிலையே செய்வோம் என்று சென்னைக்குப் போய் ஒரு ஸ்டீரியோவும், சத்தத்தைப் பெருக்கும் பூஸ்டரும், ஸ்பீக்கர்களும் வாங்கிவந்து, முதல் வேலையாக மாமனார் காரில் மாட்டினான். மாட்டி முடித்துப் பாட்டைப் போட்டவன், கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று கீச்சு ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டான். மற்றவர்களுக்குக் காது கூசியது. எல்லோரும் தலையைத் தலையை ஆட்டினார்கள்.

ஆழ்வார்குறிச்சி அரிசி ஆலைக்காரர் தளவாய், ஆவுடைநாயகத்துக்கு நெடுநாள் சிநேகிதர். புதிதாக ஒரு மாருதி கார் வாங்கியிருந்தார். மகள் கல்யாணத்துக்கு முன்னால் அதில் நல்ல ஸ்டீரியோ மாட்ட வேண்டும் என்றார். அம்பாசமுத்திரம் மெயின் ரோட்டில் அவருடைய கடை ஒன்று காலியாகக் கிடந்தது. வேலை பிடித்துவிட்டால் அந்தக் கடையைக் குமரகுருபரனுக்கே விடுவதாக வாக்கும் கொடுத்தார். அன்றைக்கு விஜயஸ்ரீ சிரித்த மாதிரி அவள் கல்யாணத்தில்கூடச் சிரிக்கவில்லை. குமரகுருபரன் ஆழ்வார்குறிச்சியிலேயே தங்கி, பார்த்துப் பார்த்து மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தான். தளவாய் அண்ணாச்சி ரொம்ப நன்றாக இருப்பதாகச் சொன்னார் என்றான்.

அண்ணாச்சி அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயிலில் ஆவுடைநாயகத்தைப் பார்த்ததும், கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். காரை ஓட்டினால் ஒரு விசில் கேட்கிறது, பொறுக்க முடியவில்லை என்றார்.

"உங்க மாப்பிள்ளைட்ட நான் எப்படி அண்ணாச்சி சொல்ல? பைய மதுரைக்குக் கொண்டுபோய்க் கழட்டி வேற மாட்டிரலாம்னு இருக்கேன். அந்தக் கடையையும் எங்க அக்கா மவனுக்கு விட்டுரலாம்னு யோசிக்கேன். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க."

ஆவுடைநாயகத்துக்குக் கோபம் வந்தது. அது யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்சம் யோசித்ததில் அது தன் மேல்தான் என்று தெரிந்தது. தன் வண்டியிலேயே அந்த விசிலைச் சொல்லியிருந்தால் தளவாய் வண்டியில் அது வந்திருக்காது. நாலு நாள் பொறுக்கும்படி தளவாயைக் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டு வீடு வந்தார்.

எப்படிச் சொல்வது? வரும் வழியெல்லாம் அதுதான் யோசனை. இன்னொரு சந்தேகமும் இருந்தது. இத்தனை பேருக்குக் கேட்கிற சத்தம் மாட்டியவனுக்குக் கேட்காமலா இருக்கும்? கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறானோ? அப்படி இருந்தால் அவனை நம்பி மகள் எப்படிக் காலம் தள்ளுவாள்?

மறுநாள் காலையில் அவர் பேப்பரும் கையுமாகக் கூடத்துக்கு வந்தபோது அடுப்பில் பால் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. சொர்ணாம்பாள் பூஜையில் இருந்தாள். விஜயஸ்ரீ பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலை ஒட்டி உட்கார்ந்து குமரகுருபரன் ஒரு வயரின் முனையைச் சீவிக்கொண்டிருந்தான். குக்கர் கீச்சென்று வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. அவன் நிமிரவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆவுடைநாயகம் மெதுவாக, "மாப்ளே" என்றார். அவன் உடனே திரும்பி, "என்ன மாமா" என்றான். குக்கர் அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

சொர்ணாம்பாள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். குக்கர் கத்தினால் மாப்பிள்ளை கவனிப்பதே இல்லையா என்று அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அவுக எப்பவும் அப்படித்தான் இருப்பாக" என்றாள். "மாப்பிள்ளை எந்திரிச்சு வந்து அடுப்பை அணைக்கணுமாக்கும்?"

இத்தனை மாதமாக அதை அவள் மாப்பிள்ளையின் கௌரவம் என்று நினைத்திருக்கிறாள். ஆவுடைநாயகத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்று மாப்பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

பேட்டை தாண்டி, சேரன்மகாதேவி ரோட்டில் வயலும் வாய்க்காலுமாக இருந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்துக்கொண்டே, சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"மாப்ளே, இப்ப ஒரு விசில் சத்தம் வருது. நீங்க மாட்டுன நாள்லயிருந்து வருது."

குமரகுருபரன் தலையைச் சாய்த்துக் கேட்டான். ஸ்பீக்கர் பக்கம் குனிந்து கேட்டான். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாமா" என்றான்.

"கேக்காது மாப்ளே. பால் குக்கர் கத்துததும் உங்களுக்குக் கேக்கல. காலையில பார்த்தேன். பேச்சு கேக்குது. அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் உங்களுக்குக் கேக்கல."

அவன் கையை நீட்டிப் பாட்டை அணைத்தான். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டான். விஜிக்குக் கேட்குமா என்றான். கேட்கும் என்றார். அத்தைக்கு என்றான். கேட்கும் என்றார். தளவாய் அண்ணாச்சிக்கு என்று கேட்டபோது அவன் குரல் இறங்கிவிட்டது. ஆவுடைநாயகம் கோயிலில் நடந்ததை, கடை விஷயம் உள்பட, ஒன்று விடாமல் சொன்னார்.

"ஒருத்தர்கூடச் சொல்லலையே மாமா."

"மாப்பிள்ளைட்ட எப்படிச் சொல்லன்னு..."

"காது போனதுகூடப் பெருசில்ல மாமா" என்றான் அவன். "குண்டு விழுந்த இடத்துல உயிர் மிஞ்சினதே பெருசு. ஆனா நாலு பேர் குறை சொல்லி, அதைக் கேட்டுத்தான ஒருத்தன் தொழில் படிக்க முடியும்? நீங்க எல்லாரும் என்னைப் பந்தியில உக்கார வச்சு எந்திரிக்கவே விடாம ஆக்கிட்டீங்க."

"தப்புதான் மாப்ளே" என்றார் ஆவுடைநாயகம். அதைச் சொல்வது அவர் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

பாளையங்கோட்டையில் காது டாக்டர் பார்த்துவிட்டு, அந்தக் கீச்சுச் சத்தங்கள் இனிக் காதில் விழாது, பேச்சுக்கும் வேலைக்கும் பழுதில்லை என்றார். திரும்பி வந்ததும் குமரகுருபரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குள் தலையைக் கொடுத்தான். மாமனார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ரேடியோவுக்கு வரும் ஏரியல் வயரைப் பிடுங்கிவிட்டு, இப்போது விசில் இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டான். விசில் அப்படியே இருந்தது. ஆகவே அது வெளியிலிருந்து வரவில்லை. ஸ்டீரியோவிலிருந்து பூஸ்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கினான். விசில் நின்றது. திரும்பச் செருகினான். வந்துவிட்டது. அப்படியானால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் இரைச்சல் எங்கேயோ பாட்டு வயரில் ஏறுகிறது என்றான்.

பின் சீட்டைத் தூக்கி, பூஸ்டரின் எர்த் வயர் இருந்த இடத்தைப் பார்த்தவன், அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எர்த் கம்பி வெறும் இரும்பைத் தொட வேண்டும். இவன் பெயின்ட்டின் மேலேயே வைத்து முறுக்கியிருந்தான்.

"சுரண்டிட்டுத்தான் வைக்கணும்னு தெரியும் மாமா" என்றான். "நீங்க தினம் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்க வண்டி. அதுல கீறல் போட எனக்கு மனசு வரல. தளவாய் அண்ணாச்சிக்குப் புது வண்டி. அங்கனயும் சுரண்டல."

ஆவுடைநாயகத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மரியாதை என்று இந்தப் பக்கம் இவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க, அதே மரியாதையால் அந்தப் பக்கம் அவன் கையைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவர் இறங்கிப்போய் உப்புத்தாளை எடுத்துவந்தார். பளபளவென்றிருந்த தகட்டைத் தன் கையாலேயே இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்த்தார்.

எர்த்தை முறுக்கியதும் விசில் பாதியாகக் குறைந்தது. பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் வயரும் பாட்டு வயரும் ஒரே கட்டாகப் போனதைப் பிரித்து, ஆளுக்கொரு ஓரமாக விட்டான். அப்போது ஆவுடைநாயகம் பழக்க தோஷத்தில், "சுத்தமாப் போயிட்டு மாப்ளே" என்றார். வாசல் கதவுக்குப் பின்னால் இருந்து சொர்ணாம்பாள் மகளிடம், "இன்னும் கொஞ்சம் இருக்குன்னு சொல்லுளா" என்றாள். விஜயஸ்ரீ சொல்வதற்குள்ளேயே அவன் மறுபடி குனிந்திருந்தான். கடைசியில் விஜயஸ்ரீயைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் போதும் என்ற இடத்தில் ட்ரெபிளை நிறுத்தினான். அந்தக் காரில் முதல்முறையாகப் பாட்டு பாட்டாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆழ்வார்குறிச்சிக்குப் போனார்கள். தான் பேசிக்கொள்வதாக ஆவுடைநாயகம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆலை வாசலில் தளவாய் எழுந்து வந்து, "வாங்க வாங்க மாப்பிள்ளை, காப்பி குடிப்போம்" என்று கையைப் பிடித்தார். குமரகுருபரன் நின்ற இடத்திலேயே சொன்னான்.

"அண்ணாச்சி, உங்க வண்டியில விசில் வருதாம். குண்டுச் சத்தத்துல என் காது கொஞ்சம் போயிட்டு, எனக்கு அது கேக்காது. தப்பா மாட்டியிருக்கேன். சரி பண்ண வந்திருக்கேன். கேட்டுச் சொல்ல மாமாவையும் கூட்டிட்டு வந்திருக்கேன்."

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தளவாய் உள்ளே போய்க் காரின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

புது வண்டியின் தகடு சுரண்டப்பட்டது. வயர்கள் பிரிந்தன. தளவாயே ஓட்டிக்கொண்டு கடனா ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினார். இறங்கி வந்தவர் குமரகுருபரனைப் பார்த்தார், பிறகு ஆவுடைநாயகத்தைப் பார்த்தார். எப்போதும் போல ஒரு அருமை சொல்ல வாயைத் திறந்தவர், அதை மென்று முழுங்கினார்.

"விசில் போயிட்டு. ஆனா வலது பக்கம் சத்தம் கம்மியா இருக்கே வே" என்றார். "அந்தப் பக்கம் பாட்டு அமுங்கிக் கேக்குது. கல்யாணத்துக்கு இது சரிப்படாது, பார்த்துக்கிடும்."

'வாங்க போங்க' போய், 'மாப்பிள்ளை'யும் போய், சேக்காளியைக் கூப்பிடுகிற 'வே' வந்துவிட்டதைக் கேட்டு ஆவுடைநாயகம் பதறிப்போய்த் திரும்பினார். குமரகுருபரன் அதற்குள் வலது பக்கக் கதவின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். குவைத்திலிருந்து வந்த பிறகு அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவர் பார்த்ததில்லை.

"வேற என்ன குறை அண்ணாச்சி? எல்லாத்தையும் சொல்லிருங்க" என்றான்.

தளவாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.