இடது பக்கக் கதவு

என் வீட்டுக்காரர் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அப்படிப்பட்டவருக்கு வேற்று நாட்டில் வேலையும் கொடுத்து, கையில் ஒரு பழைய காரையும் கொடுத்தால் கேட்கவா வேண்டும்!

இங்கே வண்டிகளெல்லாம் சாலையின் வலது பக்கம் ஓடும். பழக்கதோஷத்தில் இடது பக்கம் ஏறிவிடக் கூடாதென்று, ஸ்டியரிங்குக்கு மேலே சிவப்பு டேப்பில் வலது பக்கம் காட்டும் அம்பு ஒன்றை ஒட்டிவைத்தார். திருப்பத்துக்குத் திருப்பம் நான் பக்கத்தில் உட்கார்ந்து "வலது, வலது" என்று ஜபிக்க வேண்டும். பின்சீட்டில் எங்கள் குட்டி, ஒன்றாம் வகுப்பு. அவளுக்காகத்தான் இத்தனை கவனமும். ஊரில் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனபோதே, எப்போதும் இடது பக்கம்தான் இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தலைகீழ்ப் பாடமாக்கி வைத்திருந்தார். தூக்கத்தில் எழுப்பினாலும் குட்டி இடது பக்கம்தான் இறங்குவாள்.

இதற்கு நடுவே வந்து சேர்ந்தான் அந்த ரொட்டி வண்டிக்காரன். பள்ளிக்கு அடுத்த கடையில் ரொட்டி இறக்குகிறவன். தாடி, தடித்த மூக்குக்கண்ணாடி, சட்டையெல்லாம் மாவு. காலையில் நாங்கள் பள்ளி வாசலில் காரை நிறுத்தியதும், எங்கிருந்தோ வந்து எங்களுக்கு இடது பக்கம், சற்றுப் பின்னால், வண்டியைக் குறுக்கே போடுவான். மற்றவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டினாலும் நகர மாட்டான். குட்டி இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு போய் வாசலுக்குள் நுழையும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்புறம்தான் கிளம்புவான்.

"ஆளு சரியில்லடி" என்றார். தபால்காரர்கூட உங்களுக்கு உளவாளிதானே என்று முதலில் கேலி செய்தேன். ஆனால் ஒரு நாள் அவன் இறங்கி வந்து பின்கண்ணாடியைத் தட்டினான். குட்டியைக் காட்டினான், கதவைக் காட்டினான், என்னவோ சொன்னான். அந்தப் பாஷையில் எங்களுக்குக் காய்கறி வாங்கத்தான் தெரியும். எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. பெண்பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறோமே! மிட்டாய் கிட்டாய் கொடுத்தானா என்று குட்டியைத் துருவித் துருவிக் கேட்டேன். இல்லை, கையை ஆட்டுவார், அவ்வளவுதான் என்றாள். முன்பின் தெரியாதவன் எதற்குக் கையை ஆட்டுகிறான்?

மறுநாளே இவருக்குப் பொறுமை போய்விட்டது. இறங்கிப் போய், வண்டி நம்பரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, அவனைத் தமிழிலேயே வாய்க்கு வந்தபடி ஏசினார்.

"இன்னொரு தடவ எங்க வண்டிப் பக்கம் வந்தே, போலீசுதான்."

போலீஸ் என்றது மட்டும் அவனுக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டான்.

அதற்கு அடுத்த நாள் அவன் வண்டி தள்ளி, கடை முன்னாலேயே நின்றது. ஒரு அதட்டலில் ஆள் அடங்கிவிட்டான் என்று இவருக்கு ஒரே பெருமை. குட்டி பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

ரொட்டி வண்டியின் ஹார்ன் அலறியது. விடாமல் அலறியது. குட்டி பயந்து, வெளியே நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், பின்னாலிருந்து வந்த லாரி கதவைப் பிய்த்துக்கொண்டு போய்த் தள்ளி நின்றது.

அவன் ஓடிவந்தான். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது பக்கம் போய், அந்தக் கதவைத் திறந்து, குட்டியை நடைபாதையில் இறக்கிவிட்டான்.

அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. ஊரில் வண்டி இடது ஓரமாக நிற்கும், இடது பக்கம் இறங்கினால் நடைபாதை. இங்கே வலது ஓரமாக நிற்கிறது, இடது பக்கம் இறங்கினால் நடுரோடு. இத்தனை நாளும் பெற்ற பிள்ளையை நடுரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறோம். அந்த மனுஷன் தன் வண்டியைக் குறுக்கே போட்டு, ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, அவளுக்குக் காவல் நின்றிருக்கிறார்.

"நீ சொன்ன பக்கம்தானேப்பா எறங்குனேன்?" என்றாள் குட்டி.

இவர் இறங்கிப் போய், ரொட்டி வண்டிக்காரருடைய கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். அவர் குட்டியைச் சட்டென்று விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டி, "போலீஸ், போலீஸ்" என்றார். எங்கள் பேச்சில் அவருக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான்.