வெந்த வேர்

நான் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனிக்குத் தம்பி விற்கக் கொண்டுவந்த பன்னிரண்டு மூட்டை அமுக்கரா வேரில் முதல் மூட்டையைப் பிரித்து, ஒரு வேரை ஒடித்தேன். மாவு தெறிக்க முறிய வேண்டிய வேர், மாட்டுக்கொம்பு மாதிரி கெட்டியாக உடைந்தது.

பொடித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வேகாத வேரில் மாவுச்சத்து மணிமணியாகத் தெரியும். இதில் எல்லாம் ஊதி வெடித்துக் கூழாகக் கிடந்தது.

"சக்கை" என்றார் பின்னால் நின்ற மேலாளர். "சாறு எடுத்துட்டுக் காயவெச்சு நம்ம தலையில கட்டப் பாக்கறான். எழுதும்மா."

சக்கை என்று எழுதினால் திருட்டு என்று அர்த்தம். பிறகு எந்தக் கம்பெனியும் அவனைக் கேட்டுக்குள் விடாது. அவனோடு தோண்டுகிற பதினோரு பேரையும்தான்.

தம்பி வெளியே நின்றான். நகக்கண்ணெல்லாம் மண்.

"வேகவெச்சியாடா?"

"பத்து நாள் மழைக்கா. பூசணம் பிடிச்சிருச்சு. கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு முக்கினா செத்துரும்னு..."

"ஒரு முக்கா?"

தலையைக் குனிந்தான். "நல்லா வேகட்டும்னு விட்டுட்டேன்."

"மருந்து வேரை மரவள்ளின்னு நெனச்சியா?"

"முட்டாள்னு எழுதுக்கா. திருடன்னு எழுதாதே."

தம்பி என்பதால் நம்பினேன். தம்பி என்பதாலேயே என் நம்பிக்கை செல்லாது. பொடியை எடைபோட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து, தங்கியதை எடைபோட்டேன். சக்கையென்றால் ஒன்றும் தேறாது. இரண்டு முறை செய்தேன். மூன்றாவது முறை மேலாளரையே செய்யச் சொன்னேன்.

தராசைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "சாறு உள்ளேதான் இருக்கு. கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். ஆனா வெந்த வேரை வாங்க முடியாதும்மா."

"தெரியும் சார்."

சாயங்காலம் அறிக்கையைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். வேர் அசல். சாறு எடுக்கப்படவில்லை. வேகவைக்கப்பட்டுள்ளது. நிராகரிக்கப்படுகிறது.

"மொதல் ரெண்டை இன்னொரு தரம் படி."

படித்தேன். காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மூட்டைகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தான். நாலு மாத உழைப்பு, இனி உரக்குழிக்கு.

மூட்டையின் மறுமுனையைப் பிடித்தேன்.

"விடுக்கா, கோட்டு அழுக்காயிரும்."

"பேசாம தூக்குடா."