கோழிப்பண்ணைக்கு வந்த சுழல்காற்று

இயற்கையின் சீற்றத்துக்கு முன்னால் மனிதன் வெறும் துரும்பு என்பதை உலகம் பல தடவை பார்த்திருக்கிறது. இந்தத் தடவை அதற்குச் சாட்சியாகக் கிடைத்தவை, எட்டுத் தகரமும் வேலியில் மாட்டிக்கொண்ட ஓர் அரைக்கால் சட்டையும்.

வானிலை ஆய்வாளர் சேதத்தைப் பார்க்க வந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. கையில் அளவு நாடா இருந்தது. மனதில் ஒரே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுழல்காற்றுக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை தரம் உண்டு. பூஜ்யம் என்றால் ஒரு பக்கம் எழுதிவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்காரலாம். இரண்டு என்றால், அரை மைல் தள்ளி இருக்கும் அவருடைய அலுவலகம் முன்கூட்டியே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தலைமையகம் கேட்கும். அடுத்த மாதம் வரவேண்டிய பதவி உயர்வு அந்தக் கேள்வியோடு போய்விடும்.

கோழிப்பண்ணைக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், வானத்துக்கும் பூமிக்கும் ஒரே தூணா வந்துச்சு. நான் அசையாம நின்னு பாத்தேன்."

"கட்டிலுக்கு அடியில எப்படிங்க நிக்கறது?" என்றாள் மனைவி, தீவனம் அள்ளிக்கொண்டே.

"நீ சும்மா இரு."

விழுந்த மரங்களை ஆய்வாளர் சுற்றி வந்தார். மூன்று பப்பாளி, மூன்று திசையில் கிடந்தன. காற்று சுழன்றுதான் அடித்திருக்கிறது. ஆனால் பப்பாளி, யாராவது பலமாகத் தும்மினாலே முறியும். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கொட்டகைக்குப் பின்னால் போனதும் அது நின்றுவிட்டது. அங்கே ஒரு செங்கல் சுவர் குப்புற விழுந்து கிடந்தது. செங்கல் சுவர் என்றால் தரம் இரண்டு.

"இது... காத்துலயா?"

"பின்ன? ஊதித் தள்ளிடுச்சு சார். பக்கத்து ஊர்லேர்ந்து வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாங்க." பண்ணைக்காரரின் நெஞ்சு நிமிர்ந்தது.

மனைவி கூடையைக் கீழே வைத்தாள். "அந்தச் செங்கலைப் பாருங்க சார், பாசி. மூணு நாள்ல பாசி பிடிக்குமா? போன வருஷம் இவரு டிராக்டர ரிவர்ஸ் எடுத்தாரு. அந்தக் காத்துதான் இது."

பண்ணைக்காரர் வானத்தை ஆராய்ந்தார்.

"நீங்க நல்லா இருக்கணும்மா," என்றார் ஆய்வாளர். இரண்டு கையையும் கூப்பினார். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. பாசி பிடித்த செங்கலைக் குழந்தையின் கன்னம் போலத் தடவிப் பார்த்துவிட்டு, தரம் பூஜ்யம் என்று பெரிய எழுத்தில் எழுதினார்.

"பூஜ்யமா?" பண்ணைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணாவது போடுங்க சார். மச்சான்கிட்ட அஞ்சுன்னு சொல்லிட்டேன்."

"கோழிக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணு முட்டை போடறதில்ல சார்."

"அது எப்பவுமே போட்டதில்ல," என்றாள் மனைவி.

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. கொடுத்த தேநீரை ஒரே மடக்கில் குடித்து இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது அந்த அம்மாள் எதையோ எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், இது எங்களது இல்ல. அன்னிக்குக் கூண்டு மேல கிடந்துச்சு. மூணு கிண்ணம் வெச்ச கம்பி. ஊதினா சுத்துது."

ஆய்வாளர் அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் அவருடைய அலுவலகத்தின் முத்திரை இருந்தது. கூரை மேல் நின்று காற்றின் வேகத்தை அளக்கவேண்டிய கருவி அது.

மூன்று நாளாக, காற்று இல்லை என்று தினமும் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்தான்.