பியர்ஸ் காட்டரெலின் வழியனுப்பு அட்டை

1

இந்தக் கதை ஒரு வாழ்த்தட்டையிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஓர் அரசு வடிகால் வாரியம். அதன் தலைமை அதிகாரி பியர்ஸ் காட்டரெல் பதவிக்காலம் முடியுமுன் விலகுகிறார். வழக்கம்போல் பழுப்பு உறையில் அட்டை மேசை மேசையாகச் சுற்றுகிறது. உறைமேல் எல்லோர் பெயரும் இருக்கும். எழுதியவர் தன் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளவேண்டும்.

'வெளியே மழை பெய்து...' என்று தொடங்கியிருந்தேன். லீட்ஸில் அது செய்தியே இல்லை.

2

ஜானிஸ் ஹெப்வொர்த்துக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம். விலகும் பெரிய அதிகாரிக்கு ஒப்பந்தத்துக்கு மேல் ஏதும் கொடுப்பதென்றால் நிதியமைச்சகம் முன்கூட்டி அனுமதிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைத் தயாரிப்பவள் அவள். பியர்ஸுக்கு அறுபதாயிரம் பவுண்டு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'இத்தொகை குறித்து அவருக்கு எவரும் எந்த உறுதியும் தரவில்லை.' அதன் கீழே அவள் கையெழுத்திட வேண்டும்.

(இவளை நேர்மையின் சிகரமாக்கப் பார்த்தேன். சரிவரவில்லை. அலுவலகக் குளிர்பெட்டியில் தன் பால் புட்டியில் பெயர் எழுதி ஒட்டுகிறவள், அவ்வளவுதான்.)

3

விண்ணப்பம் மேசையில் இருக்கும்போதே உறை வந்தது. அட்டையின் நடுவில் அவள் மேலதிகாரி டெரிக் லம்மின் கொட்டை எழுத்து: 'அறுபதாயிரத்துக்குப் படகு பாத்தாச்சாமே! முதல் சவாரி எனக்குத்தான். அன்னிக்குக் கைகுலுக்கினப்பவே சொன்னேன்ல?'

கைகுலுக்கி வாக்குக் கொடுத்தாயிற்று என்றால் அனுமதி கேட்பதே நாடகம். ஜானிஸ் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"என்ன ஜானிஸ், கையெழுத்துப் போட்டாச்சா?" டெரிக்கே வந்து நின்றார்.

"எதுல? அட்டையிலயா, விண்ணப்பத்துலயா?"

"ரெண்டுலயுந்தான். மூணு மணிக்குக் கேக் வெட்டணும்ல."

"நீங்க எழுதினதைப் படிச்சேன்."

"அட, சும்மா தமாசு. அட்டையையெல்லாம் எவன் படிக்கிறான்?"

"நான் படிச்சுட்டேனே."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அடுத்த மாசம் ஆள்குறைப்புப் பட்டியல் போடணும் ஜானிஸ். நான்தான் போடணும். ஞாபகம் இருக்கட்டும்."

(அடிக்குறிப்பு: ஜானிஸைப் போன்றவர்களை அனுப்பும்போது கொடுக்கும் தொகையை எந்த அமைச்சகமும் கேள்வி கேட்பதில்லை. அவ்வளவு சின்னத் தொகை.)

4

முதல் முடிவு: கையெழுத்துப் போடுகிறாள், கேக் தின்கிறாள். எழுதிப் பார்த்தேன், கை கூசியது.

இரண்டாவது முடிவு: அட்டையை எடுத்துக்கொண்டு ஜானிஸ் நகலெடுக்கும் இயந்திரத்தை நோக்கி நட

இங்கேயே விட்டுவிட்டேன். அவளைத் துணிச்சல்காரியாக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உறையில் அவள் பெயருக்கு மேலே அடிக்கப்பட்டிருந்தது என் பெயர். டெரிக்கின் வரியை நானும் படித்தேன், சிரித்தேன், கீழே 'படகில் எனக்கும் ஓர் இடம்' என்று எழுதித் தள்ளிவிட்டேன். எனக்கு முன்னால் பதினாறு பேர் அப்படியே செய்திருந்தார்கள். வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணியாக ஐந்து நிமிடம். அங்கே கேக் வெட்டக் கத்தி தேடுகிறார்கள். ஜானிஸ் விண்ணப்பத்தையும் அட்டையையும் அருகருகே வைத்துப் பேனா மூடியைக் கழற்றிவிட்டாள். இதற்குமேல் நான் எழுதுவதாக இல்லை. அட்டையை இப்போது நீங்களும் படித்துவிட்டீர்கள். உறையில் அடுத்த பெயர் உங்களுடையது.