பெயர் தெரியாத டிரான்ஸ்பார்மர்

தெருவில் எல்லோரும் அவளை ரேடியோக்காரி என்றுதான் சொல்வார்கள். ரேடியோ, டேப், கிதார் ஆம்ப், எது செத்தாலும் அவளுடைய பட்டறைக்குத்தான் வரும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய நாத்தனார் கண்ணாடி வால்வுகள் வைத்த ஒரு பழைய கிதார் ஆம்ப்பை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. முப்பத்தொரு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. ஆனால் அன்று முகத்தில் வால்தனம் ஒன்றுமில்லை.

"அண்ணி, இது செத்துப்போச்சு. நான்தான் கொன்னுட்டேன்."

"முதல்ல கீழ வை. யாரோடது?"

"பல் டாக்டரோடது."

வாலு கிதார் வாசிக்கும் இசைக்குழுவில் பல் டாக்டரும் கிதார்காரர். அறுபது வருடத்துக்கு முந்திய அந்த ஆம்ப் என்றால் அவருக்கு உயிர். அவர் வெளியூர் போன பத்து நாளைக்கு மட்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தாள். சனிக்கிழமை மதியம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"என்ன பண்ணினே?"

"பக்கத்து வீட்ல குழந்தை தூங்கிட்டிருந்துச்சு. சத்தம் வரக்கூடாதுன்னு ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிட்டு வாசிச்சேன். உள்ளேருந்து மட்டும் சன்னமா ஒரு சத்தம் கேட்டுச்சு. நல்லாயிருக்கேன்னு அரை மணி நேரம் வாசிச்சிட்டேன். அப்புறம் ஒரே கருகின வாசனை."

ரேடியோக்காரி கண்ணை மூடித் திறந்தாள். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது. வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். வெளியே போக வழியில்லாத சக்தி அதன் சுருளிலேயே முட்டி மோதி எரித்துவிடும். அரை மணி நேரம் சன்னமாகக் கேட்டது அதனுடைய முனகல்தான்.

திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தாள். சுருளில் ஒரு பாதி போயே போய்விட்டது. மற்றதெல்லாம் தப்பித்திருந்தது.

"புதுசு வாங்கிப் போட்டுடலாமா?"

"சொல்லி வச்சா மூணு வாரம் ஆகும்."

வாலு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான் அவர் முகத்துல எப்படி அண்ணி முழிப்பேன்?"

ரேடியோக்காரி அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்தாள். மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் அறிவிப்பு சொல்ல வைத்திருந்த ஆம்ப்பிலிருந்து கழற்றியது. எரிந்துபோன டிரான்ஸ்பார்மரும் இதுவும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மேலே பெயர் இல்லை, எண் இல்லை. வயர்களின் நிறம் எல்லாம் ஒரே அழுக்குப் பழுப்பாகியிருந்தது.

"இதைப் போட்டா ஓடுமா?"

"இது யாருன்னே தெரியலை. ஊர் பேர் தெரியாம உள்ள விட முடியுமா?"

அந்த ஆம்ப்பின் இரண்டு பெரிய வால்வுகளுக்கு எதிரே ஆறாயிரத்து ஐந்நூறு ஓம் அளவுக்குச் சுமை வேண்டும். ஸ்பீக்கரோ எட்டு ஓம். அந்த எட்டை ஆறாயிரத்து ஐந்நூறாகக் காட்டுவதுதான் டிரான்ஸ்பார்மரின் வேலை. ஸ்பீக்கர் பக்கம் சரியாக ஒரு வோல்ட் கொடுத்து, மறுபக்கம் வருவதை அதாலேயே பெருக்கி, பிறகு எட்டாலும் பெருக்கினால் கணக்கு தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை அளந்தாள். ஐந்து வோல்ட் வந்தது. ஐயைந்து இருபத்தைந்து, அதை எட்டால் பெருக்கினால் இருநூறு.

"இருநூறா?" என்றாள் வாலு. அவள் அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

"பக்கத்துலயே வரலை." ரேடியோக்காரிக்கும் உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. டீ போட்டுக் குடித்துவிட்டு, ஸ்பீக்கர் பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தாள். மூன்று வயர்கள் தடிமன், ஒன்று மட்டும் மெலிசு. அவசரத்தில் அந்த மெலிசு வயரில்தான் கொடுத்திருக்கிறாள். அது தூரத்து வகுப்பறைகளுக்கு ஒலி அனுப்புவதற்கென்று வைத்த தனி வயர்.

இந்த முறை தடித்த வயர்களில் கொடுத்தாள். மீட்டர் இருபத்தெட்டரையில் நின்றது. காகிதத்தில் பெருக்கிப் பார்த்தாள். ஆறாயிரத்து ஐந்நூறுக்கு இரண்டே இரண்டு ஓம் குறைவு.

"வாலு, அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு."

திருகுத் துளைகள்தான் பொருந்தவில்லை. பழைய பெட்டியில் புதிதாகத் துளை போட அவளுக்கு மனம் வரவில்லை. அலுமினியத் தகட்டில் ஒரு தாங்கி வெட்டி, அதில் டிரான்ஸ்பார்மரைப் பொருத்தினாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, ஸ்பீக்கர் வயரை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு ஆம்ப்பைப் போட்டாள். வால்வுகள் சூடேறின. அடுத்த நொடி காதைப் பிளக்கும் ஊளை. வாலு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ரேடியோக்காரி சட்டென்று அணைத்தாள்.

வாசலில் பல் டாக்டர் நின்றிருந்தார். சொன்ன நேரத்துக்கு முன்பே வாலுவின் வீட்டுக்குப் போய், அவள் பட்டறையில் இருப்பதாகக் கேட்டு இங்கே வந்துவிட்டார்.

"அது என்னோட ஆம்ப்தானே?"

வாலு ஒளிக்கவில்லை. குழந்தை தூங்கியது, வயரைப் பிடுங்கியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "என்ன திட்டினாலும் வாங்கிக்கிறேன் சார்."

அவர் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ரெண்டு நிமிஷம் கொடுங்க சார்," என்றாள் ரேடியோக்காரி. "ரெண்டு வயர் இடம் மாறியிருக்கு. அதான் வெளிய போற ஒலி கொஞ்சம் திரும்ப உள்ள வந்து ஊளையிடுது. நிறம் போன டிரான்ஸ்பார்மர்ல இது ஐம்பதுக்கு ஐம்பது. மாத்திப் போட்டா அடங்கிடும்."

வயர்களை மாற்றி ஈயத்தால் பற்றவைத்தாள். மறுபடி ஆம்ப்பைப் போட்டாள். ஊளை இல்லை. காதை வைத்தால் மட்டும் கேட்கிற மெல்லிய இரைச்சல். டாக்டர் சுவரோரம் இருந்த கிதாரை எடுத்துச் செருகி ஒரு தந்தியைத் தட்டினார். ஒலி உருண்டு திரண்டு வந்தது. பத்து நிமிடம் வாசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா ஒரிஜினல் போச்சே."

ரேடியோக்காரி எரிந்த டிரான்ஸ்பார்மரை அவர் கையில் கொடுத்தாள். "அடியில இருக்கற எண்ணைப் பாருங்க. முதல் மூணு இலக்கம் செஞ்ச ஆலையைச் சொல்லும், அடுத்த ரெண்டும் வருஷத்தை, கடைசி ரெண்டும் வாரத்தை. ஆம்ப் அறுபத்திரண்டுல செஞ்சது. இது எழுபத்தொன்னு. உங்க கைக்கு வரதுக்கு முந்தியே யாரோ மாத்திட்டாங்க சார்."

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அஞ்சு வருஷமா எல்லார்கிட்டயும் ஒரிஜினல்னு அளந்துவிட்டிருக்கேன்."

"உங்க காது பொய் சொல்லலையே."

அவர் வாலுவைப் பார்த்தார். "புதன்கிழமை ஒத்திகைக்கு வந்துடும்மா. வயரைத் தொடாம இருந்தா போதும்."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வாலு மேஜையில் கையை மடக்கித் தலையைச் சாய்த்தாள். அடுத்த நிமிடமே வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். ரேடியோக்காரி அவள் முடியருகே கிடந்த சூடான சால்டரிங் அயர்னைத் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த ரேடியோவைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டாள்.