எதெல்காவின் மூடுபனி

பார்தொஷ் எதெல்கா என்பவள் ஹொல்லோகூட் என்ற நிறுத்தத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது அவளுடைய மூடுபனியும் கூடவே இறங்கியது. அக்டோபர் மாதத்து முன்பகல். கண்ணைக் கூசவைக்கும் வெயில். குன்றுகள் முழுக்கத் திராட்சைக் கொடிகள் மஞ்சளாகிக் கிடந்தன. அவள் நின்ற இடத்தில் மட்டும் ஒரு சின்ன அறை அளவுக்குப் பனி நின்றது. நாய்க்கும் சைக்கிளுக்கும் தனி டிக்கெட் உண்டு. பனிக்கு என்ன வாங்குவது என்று ரயில்வேயில் யாரும் எழுதி வைக்காததால் ரயில் கார்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். "எல்லாம் இறங்கியாச்சாம்மா? கதவுல மாட்டிக்கப் போகுது" என்று மட்டும் கேட்டார். படியில் தங்கியிருந்த பனியின் வாலை, பாவாடை நுனியை இழுப்பதுபோல் எதெல்கா இழுத்துக்கொண்டாள். அவளுக்கு இது பழகிப்போன காரியம்.

அவள் புடாபெஸ்டில் ஒரு வெந்நீர்க் குளியல் கூடத்தில் உடை மாற்றும் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அங்கே எப்போதும் ஆவி மண்டிக் கிடப்பதால் அவளுடைய பனி யார் கண்ணையும் உறுத்தவில்லை. வீட்டில்தான் பாடு. தீக்குச்சி பற்றாது, துணி காயாது, ரேடியோ ஜலதோஷம் பிடித்த குரலில் பேசும். குடியிருப்போர் கூட்டம் கூடி, மாடிப்படியில் யாரும் பனியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று தீர்மானம்கூடப் போட்டார்கள். அந்தப் பனி வந்த கதை இதுதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு நவம்பர் காலையில் அவள் புருஷன் வில்மொஷ் டான்யூப் ஆற்றில் மீன்வலையை எடுக்கப் படகில் போனான். போன கொஞ்ச நேரத்தில் ஆறு முழுக்கப் பனி இறங்கிவிட்டது. கரையில் நின்று அவள் கூப்பிட்டாள். "பனி விலகட்டும், வந்துடறேன். நீ காப்பியைப் போடு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவள் காப்பியைப் போட்டாள். ஆற்றுக்குப் பனி விலகியது, எதிர்க்கரைக்கு விலகியது, படகு கவிழ்ந்து கிடந்த வளைவுக்கும் விலகியது. எதெல்காவைச் சுற்றி மட்டும் விலகவில்லை. ஆன்மசாந்திக்குப் பூசை வைக்கலாம் என்று பாதிரியார் வந்தபோது, "பனி இன்னும் விலகலையே சாமி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவரும் சுற்றுமுற்றும் பார்த்தார். பனி நிற்கிறவரை வில்மொஷ் சொன்ன சொல் தவறியவனாகவும் ஆகமாட்டான், செத்தவனாகவும் ஆகமாட்டான். அதனால் ஈரத்தில் முட்டி கடுத்தாலும் அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

திராட்சை அறுவடைக்கு, எங்கள் ஊர் இருக்கிற தொக்காய்ப் பக்கம் ஒரு நாள் போய் வரலாம் என்று அவர்கள் இரண்டு பேரும் வருஷா வருஷம் பேசிக்கொள்வார்கள். வருஷா வருஷம் ஏதாவது குறுக்கே வந்துவிடும். இந்த வருஷம் கூட வேலை பார்க்கும் மக்தி, "இப்படியே கெடந்தா நீ பூசணம் பூத்துடுவ. ஒரு நாள் எங்கயாவது போய்த் தொலைஞ்சுட்டு வாடி" என்று பிடித்துத் தள்ளாத குறையாக ரயிலேற்றி அனுப்பினாள். தனியாகப் பயணம் போய் எதெல்காவுக்குப் பழக்கமில்லை. சாயங்கால ரயிலுக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

எங்கள் ஊரில் அவளைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. வயிற்றெரிச்சல்தான் பட்டோம். இங்கே பனி என்றால் சோறு. இலையுதிர்காலத்தில் போத்ரோக் ஆற்றுப் பனி விடிகாலையில் ஏறிவந்து கொடிகளை நனைக்க வேண்டும், மத்தியான வெயில் காயவைக்க வேண்டும். அப்போதுதான் பழத்தில் அந்த நல்ல பூசணம் பிடித்து, பழம் சுருங்கித் தேனாகும். அதை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கித்தான் அசூ ஒயின் செய்கிறோம். அந்தப் பனி சில வருஷமாக ஊர் எல்லைச் சிலுவைவரை வரும், எதையோ மறந்து வைத்துவிட்டவர்போல அப்படியே திரும்பிப் போய்விடும். இத்தனைக்கும் காரணம் கெலெமென் அம்ப்ரூஷ் என்கிற ஒரே ஒரு மனுஷன்.

கொடிகளுக்குக் காவல் சாமி, புனிதர் ஓர்பானார். மே மாதக் கடைசியில் அவர் திருநாள். அன்றைக்கு வானம் நன்றாக இருந்தால் சிலையின் தலையில் ஒயினை ஊற்றிக் கும்பிடுவோம். கெட்டுப்போனால் தண்ணீரை ஊற்றித் திட்டுவோம். இது அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. ஒரு வருஷம் திருநாளுக்கு முந்தின ராத்திரி உறைபனி விழுந்து தளிரெல்லாம் கருகிப்போயின. அம்ப்ரூஷ் தன் தோட்டத்து மேட்டில் நிற்கும் ஓர்பானாரைக் கிணற்றுத் தண்ணீரால் குளிப்பாட்டி, ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டி, அதுவும் போதாமல் "உனக்கெல்லாம் கண்ணு ஒரு கேடா?" என்று ஓர் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக் கட்டிவிட்டான். சாயங்காலமே அவிழ்த்திருக்க வேண்டும். "தளிரைக் கருக்குனது அவரு. மொதல்ல அவரு மன்னிப்புக் கேக்கட்டும்" என்றான். அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். அடுத்தவன் தோட்டத்துச் சாமியைத் தொடுவது அடுத்தவன் பழத்தைப் பறிப்பதைவிடக் கேவலம் என்பது எங்கள் வழக்கம். ஆகையால் நாங்களும் தொடவில்லை. சாக்கு வெயிலில் மக்கியது, பனி வரவில்லை, அசூவும் இல்லாமல் போனது.

அம்ப்ரூஷின் மனைவி போரிதான் எதெல்காவை முதலில் பார்த்தாள். கையிலிருந்த கூடையை அப்படியே ரோட்டில் வைத்துவிட்டு வந்தாள். "அக்கா, அந்தப் பனி உங்களுதா, இல்ல வழியில ஒட்டிக்கிச்சா?"

"என்னுதுதான். தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணும் பண்ணாது."

"ஐயோ, பண்ணட்டுமேக்கா!" என்று சொல்லி போரி பனிக்குள் கையை விட்டு அவள் கையைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனாள். பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் சிவப்பு வெங்காயமும் வைத்தாள். அம்ப்ரூஷ் தொப்பியைக் கழற்றி, "கைக்கு முத்தம், அம்மா" என்று எங்கள் பக்கத்து வழக்கப்படி வணக்கம் சொல்லிக் குனிந்தவன், நிமிர்ந்து பனியைப் பார்த்துவிட்டு தொப்பியைத் திரும்பப் போட மறந்துபோனான். நிலவறைக்குக் கூட்டிப் போனார்கள். குறுகலான வாசலில் பனி ஒருக்களித்து நுழைந்தது. சுவரில் கம்பளிபோல் படர்ந்திருந்த கறுத்த பூசணம் அதைக் கண்டதும் மூச்சை இழுத்துவிட்டது. பீப்பாய்கள் ஒவ்வொன்றாய் முனகின. அம்ப்ரூஷ் தனக்கு ஒரு சொட்டு ஊற்றிப் பார்த்துவிட்டு அவளுக்கு ஊற்றினான். கிளாஸைத் தூக்கினால் எதிராளியின் கண்ணைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மரியாதை இல்லை. அவனுக்கு அவள் கண் தெரியவில்லை. முகத்தைக் கிட்டே, இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"யோவ், கண்ணைப் பாக்கச் சொன்னா மோந்து பாக்கறியே!" என்றாள் போரி.

"நல்ல கண்ணும்மா" என்றான் அம்ப்ரூஷ், வெட்கப்படாமல். "இதைப் போயி மூடி வெச்சிருக்கீங்களே." இத்தனை வருஷத்தில் எதெல்காவின் கண்ணை யாரும் பார்த்திருக்கவில்லை. அவள் ஒயின்மேல் பழியைப் போட்டுச் செருமிக்கொண்டாள்.

அப்புறம் அவன் கேட்டேவிட்டான். "அம்மா, ஒரே ஒரு உதவி. ரயிலுக்கு முன்னாடி என் தோட்டத்துல மேலயும் கீழயுமா ஒரு நடை நடந்துட்டுப் போங்க. பனி கொஞ்சம் கொடியில தங்கினாப் போதும்."

"மொத்தமும் தங்கிடுச்சுன்னா?" என்று கேட்டு, அவள் வில்மொஷ் சொன்ன சொல்லைச் சொன்னாள். "இது விலகினா அவர் வரணும்ணே. வரலைன்னா நான் என்ன பண்றது?"

"நான் என்ன உங்க வீட்டுக்காரரையா கேட்டேன்? பனியைத்தானே கேட்டேன்."

போரி கையிலிருந்த துணியைச் சுருட்டி அவன் முதுகில் ஒன்று போட்டாள். எதெல்கா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை வந்த போரி ஒரு சின்னப் பாட்டிலை அவள் பையில் செருகினாள். சாக்கு கட்டுவதற்கு முன் செய்த அசூவில் கடைசிப் பாட்டில் அது. "அந்த ஆளுக்கு வாய்க்கும் மூளைக்கும் நடுவுல கதவே கெடையாது. மனசுல வெச்சுக்காதீங்கக்கா" என்றாள்.

மத்தியானம் முழுக்க எதெல்கா தனியாகச் சுற்றினாள். கொடி வரிசைகளுக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. சந்துகளில் நசுங்கிய பழத்தின் வாசனை, குளவிகளின் ரீங்காரம், யாரோ எங்கோ பீப்பாய் உருட்டும் சத்தம். ஒரு பூனை பனிக்குள் நுழைந்து நனைந்து வெளியே வந்து அவளை முறைத்துவிட்டுப் போனது. மாதாகோவில் மணி அடித்தது, பனிக்குள் அது தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோல் கேட்டது. வில்மொஷ் இருந்திருந்தால் இந்நேரம் கால் வலிக்கிறது என்று புலம்பியிருப்பான் என்று நினைத்துச் சிரித்தாள். பனிதான் ஒரு நிலையில் இல்லை. திருவிழாவில் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைபோல குன்றுப் பக்கமே இழுத்தது. மேலே போனால் ஆறு தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். கல்சுவரை ஒட்டிய பாதைதானே, கொடிக்குள் போகப் போவதில்லையே என்று அவள் ஏறினாள்.

மேட்டில் ஒருவர் தலையில் சாக்கோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய்த்தான் சிலை என்று தெரிந்தது. அவளுக்குச் சாமி சண்டை எதுவும் தெரியாது. கண்ணுக்கு முன்னால் ஒன்றும் தெரியாமல் வருஷக்கணக்கில் நிற்பது எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியும். "அடப் பாவமே, யாருய்யா உங்களை இப்படி விட்டுட்டுப் போனது?" என்று முடிச்சை அவிழ்த்தாள். மக்கிய சாக்கு பாதி கையோடு வந்தது. கழுத்துக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்தாள். உட்கார்ந்து போரி கொடுத்த பாட்டிலைத் திறந்தவளுக்குத் தனியாகக் குடிக்க மனம் வரவில்லை. எழுந்து, சிலையின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணைக் கொண்டுபோய், பார்த்து, ஒரு வாய் குடித்தாள். மீதியை மரியாதைக்கு அவர் தலையில் ஊற்றினாள்.

பனி அவளை விட்டு இறங்கியது. தொழுவம் தெரிந்த மாடுபோல, அவசரமே இல்லாமல், முதல் வரிசைக்குள் போனது, அடுத்த வரிசைக்குள் போனது, போகப் போகப் பெருத்தது. எதெல்கா காலிப் பாட்டிலைக் கீழே போட்டாள். அப்புறம் பின்னாலேயே ஓடினாள். "ஐயோ, வில்மொஷ்! நில்லுங்க!" கையில் அள்ளினாள், ஈரம்தான் மிஞ்சியது. கீழே விடிகாலையில் எல்லைச் சிலுவையோடு திரும்பிப் போயிருந்த ஆற்றுப் பனியும் அதைப் பார்த்துவிட்டு ஏறிவர ஆரம்பித்தது. அவள் மேட்டுக்குத் திரும்பி வந்து, வெயிலில், ஓர்பானாரின் காலடியில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனி விலகிவிட்டது. இனி அவன் வர வேண்டும்.

அம்ப்ரூஷும் போரியும்தான் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். அம்ப்ரூஷ் முதலில் பனியைப் பார்த்தான், பிறகு ஓர்பானாரின் முகத்தைப் பார்த்தான், தொப்பியை மார்போடு அழுத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதான். போரி எதெல்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பனி விலகிடுச்சு, போரி."

"ஆமாக்கா."

"அவர் வரல."

"ஆமாக்கா. வரல."

அப்போதுதான் எதெல்கா அழுதாள். அந்த நவம்பரிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதாள். அம்ப்ரூஷ் தன் அழுகையை நிறுத்திவிட்டு, கிழிந்த சாக்கைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். பல வருஷமாகக் காத்திருந்த பனி அவன் கொடிகளில் இருந்தது, ஆனாலும் கேட்டான். "அம்மா, வேணும்னா சொல்லுங்க. இதுலயே புடிச்சுக் கட்டித் தந்துடறேன்."

அவள் கொடிகளைப் பார்த்தாள். பனி பழங்களின்மேல் படுத்துக் கிடந்தது.

"வேணாம்ணே. ஓட்டை சாக்கு அது" என்றாள். "அது இங்கயே இருக்கட்டும்."

சாயங்கால ரயிலில் அதே கார்டு இருந்தார். படியேறியவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பார்த்தார். "காலையில கூட வேற ஏதோ இருந்துச்சேம்மா?"

"இல்லீங்க. நான் மட்டும்தான்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே பூசை வைத்தாள். அவள் முகம் அடையாளம் தெரியாமல் பாதிரியார் பெயர் கேட்டார். வீட்டில் துணிகள் காய்ந்தன. எங்கள் ஊருக்கு அந்த வருஷத்திலிருந்து பனி வரத் தவறியதில்லை. ஓர்பானாரும் அம்ப்ரூஷும் பேசிக்கொள்கிறார்கள். மன்னிப்பு யார் முதலில் கேட்டது என்று மட்டும் இரண்டு பேரும் சொல்வதில்லை. அந்த அக்டோபர்ப் பழத்து அசூ பீப்பாயில் வருஷக்கணக்கில் தூங்கி எழுந்ததும், அம்ப்ரூஷ் முதல் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு புடாபெஸ்டுக்குப் போய்க் குளியல் கூடத்து வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்தான். அந்த ஒயினில் ஒரு விசேஷம் உண்டு, இப்போது கடைக்காரர்களே சொல்லித்தான் விற்கிறார்கள்: கிளாஸில் ஊற்றினால் உள்ளே ஒரு விரல் உயரத்துக்குப் பனி நிற்கும், அது விலகும்வரை பொறுத்திருந்து குடிக்க வேண்டும்.

எதெல்கா ஒவ்வொரு நவம்பரிலும் அந்தக் காலையில் முதலில் காப்பியைப் போடுகிறாள், இரண்டு கோப்பை. பிறகு சின்னக் கிளாஸில் அந்த ஒயினை ஊற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருகிறாள். பனி விலகுகிறது. வில்மொஷ் வருகிறான், ஒரு வாய் அளவுக்கு: ஆற்று வாசனை, நனைந்த கம்பளிக் கோட்டு, அவனுடைய புகையிலை. "வந்துட்டீங்களா" என்று முழுங்காமல் மனசுக்குள் கேட்டு, முடிந்தவரை நாக்கிலேயே வைத்திருந்து, முழுங்குகிறாள். அப்புறம் ஆறிப்போவதற்குள் இரண்டு காப்பியையும் அவளே குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள்.